அணைந்திருந்த பக்கம்

ஸ்கேன் மேசையில் படுத்திருப்பவருக்குத் தெரிவதற்கு முன்பே அவருடைய உடம்பின் செய்தி எனக்குத் தெரிந்துவிடும். கால் நூற்றாண்டு காலம் என் வேலை இதுவாகத்தான் இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, சரணடைந்தவர்போல் ஒருவர். திரையில் தொடை வரும், வயிறு வரும், நெஞ்சு வரும். நெஞ்சில் ஏதோ ஒன்று எரியும். எரிவதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், மேசையை இறக்கி, கைகொடுத்து உட்காரவைத்து, "மெதுவா எழுந்திருங்க, தலை சுத்தும்" என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது முகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஏனென்றால் அவர்கள் படிக்கப்போகும் முதல் ரிப்போர்ட் என் முகம்தான்.

போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். காரணம் கேட்டவர்களிடம் முதுகுவலி என்றேன். ஈயப் பெட்டி தூக்கித் தேய்ந்த முதுகு; பொய்யில்லை. ஆனால் வீட்டில் சாப்பிடும்போது எதிரே இருப்பவர் இருமினால் என் கை சோற்றிலேயே நின்றுவிடும். அதையும் சேர்த்துத்தான் முதுகுவலி என்றேன்.

இப்போது இதை எழுத வைத்தவன் பிரபு. விழுப்புரம் ஸ்கேன் மையத்தில் என்னிடம் வேலை பழகியவன். சென்ற வாரம் போன் செய்தான்.

"அண்ணே, புது சாப்ட்வேர் வந்துட்டுது. எரியற இடத்துக்கெல்லாம் அதுவே வட்டம் போட்டுக் காட்டுது. ரிப்போர்ட்டு ஜல்தியா போய்க்கினு இருக்குது."

"சந்தோஷம்பா."

"இன்னாண்ணே, சந்தோஷம்னு சொல்றது துக்கம் விசாரிக்கிற மாதிரி இருக்குது?"

"எரியாத இடத்துக்கு வட்டம் போடுதா?"

"எரியாததுக்கு இன்னாத்துக்குண்ணே வட்டம்?"

போனில் சொல்லி முடிகிற பதில் அல்ல அது.

சென்னையில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேகமாகச் செய், தள்ளி நில், நடுவில் ஈயம் வை. கதிர்வீச்சோடு குடித்தனம் நடத்துவதற்கு இவ்வளவுதான் பாடம். பிறகு அங்கேயே சில மருத்துவமனைகள், பழைய கேமராக்கள், தைராய்டு, எலும்பு ஸ்கேன்கள். சொந்த ஊர் திண்டிவனம். விழுப்புரம் புறவழிச்சாலை ஓரமாகப் பெட் ஸ்கேன் மையம் ஒன்று திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே விண்ணப்பம் போட்டேன். அங்கே சேர்ந்த நாளிலிருந்துதான் என் தூக்கம் மெலிந்தது.

மற்ற ஸ்கேன்கள் உடம்பின் உருவத்தைக் காட்டும். பெட் ஸ்கேன் உடம்பின் பசியைக் காட்டும். சர்க்கரையோடு கதிர்வீசும் துளியொன்றைக் கட்டி நரம்பில் ஏற்றுவோம். எந்தத் திசு அதிகம் தின்கிறதோ அது திரையில் அதிகம் ஒளிரும். மூளை தின்னும், இதயம் தின்னும். புற்றும் தின்னும். பந்தியில் அடுத்தவர் இலைக்கும் கைநீட்டுகிறவனைப்போலத் தின்னும்.

அந்த மருந்து சென்னையிலிருந்து சாலை வழியாக வரும். வரும்போதே செத்துக்கொண்டு வரும். இரண்டு மணி நேரம் போனால் பாதி இல்லை. மூடிய ஈயப் பெட்டிக்குள், யாரும் தொடாமலேயே, கரைந்துகொண்டிருக்கும் ஒன்றுக்காக வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளே முந்தைய இரவிலிருந்து பட்டினி கிடக்கும் நோயாளிகள். வெளியே நான், காதோடு போன். வண்டி ஓட்டிவரும் காதர் பாய் மறுமுனையில்.

"பாய், எங்க இருக்கீங்க?"

"ஒலக்கூரே தாண்டல சார். மல்லாட்டை லோடு ஒண்ணு குறுக்கால கவுந்துகினு ரோடெல்லாம் மூட்டை. பேஜாரா போச்சு."

"டோஸ் குறைஞ்சுக்கினே இருக்குது பாய்."

"எனக்கும்தான் சார் ரத்தம் குறைஞ்சுக்கினே இருக்குது. ஹாரன் அடிச்சா மூட்டை எழுந்து நடக்குமா?"

அப்படிப்பட்ட நாட்களில் கொஞ்சம் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். யாரை என்று எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் கௌசல்யா முடிவு செய்வார். அவர்களிடம் போய்ச் சொல்வது என் வேலை. "நாளைக்கு வாங்க" என்பது அவர்களுக்கு எவ்வளவு நீளமான வாக்கியம் என்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

மருந்து வந்தபிறகும் நிம்மதி கிடையாது. ஊசி போட்டதும் ஒரு மணி நேரம் மங்கிய வெளிச்சமுள்ள தனியறையில் நோயாளி படுத்திருக்க வேண்டும். அசையக் கூடாது, மெல்லக் கூடாது, பேசக் கூடாது, குளிரக் கூடாது. எந்தத் தசை வேலை செய்கிறதோ அது சர்க்கரையைத் தின்றுவிடும். தின்றது படத்தில் எரியும். பொம்மையார்பாளையத்து மீனவர் ஒருவர் வந்தார். முந்தின நாளிலிருந்து வேலை ஏதும் செய்யக் கூடாதென்று சொல்லியிருந்தோம். "ஒண்ணும் செய்யல சார், விடியக்காலம் வலையை மட்டும் இழுத்துட்டு வந்தேன்" என்றார். படத்தில் அவருடைய தோளும் முதுகும் தொடையும் தீவட்டி ஊர்வலம்போல் எரிந்தன. நுரையீரல் கட்டி அந்த வெளிச்சத்துக்குள் எங்கோ பதுங்கிக்கொண்டது. வலை இழுப்பதை அவர் வேலையில் சேர்க்கவில்லை. அது அவருக்கு மூச்சு விடுவதுபோல.

டாக்டர் கௌசல்யா படம் பார்க்கும் விதத்தை எழுதியே ஆக வேண்டும். குள்ளமான உருவம். ஏசி குளிருக்குப் பழைய ஸ்வெட்டர் ஒன்று, பருத்திச் சேலைக்கு மேலே. அறைவிளக்கை அணைக்கச் சொல்வார். முதலில் வண்ணத்தை நீக்கிவிட்டுச் சாம்பல் நிறத்தில் பார்ப்பார். அப்புறம் இடது உள்ளங்கையைத் திரையில் வைப்பார், நோய் இருக்கிறதென்று எல்லோரும் சொல்லும் அதே இடத்தின்மேல். அதை மறைத்துக்கொண்டு மற்ற உடம்பை உச்சி முதல் தொடை வரை பார்ப்பார். பார்த்து முடித்தபிறகுதான் கையை எடுப்பார்.

"ஏன் மேடம் மறைக்கிறீங்க?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"கட்டியைப் பார்த்துட்டா கண்ணு அங்கயே உக்காந்துடும் செல்வம். கூப்பிட்டா வராது."

அவர் பார்த்து முடிக்கும்வரை நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது. சாப்பிடவும் கூடாது, மறுபடி படுக்கவைக்க வேண்டி வரலாம் என்பதால். இன்னொரு பழக்கமும் உண்டு. "ஒண்ணுமில்ல, கவலைப்படாதீங்க" என்ற வார்த்தைகளை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை.

அவரிடமிருந்துதான் வெளிச்சங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றேன். நுரையீரல் புற்று என்று ஒரே பேரில் சொல்கிறோம். அதற்குள் பல குணங்கள். செதில் வகை, அடுப்பில் ஊதிவிட்ட கங்குபோல் நடுவில் வெந்து சாம்பலாகி, ஓரம் சிவந்து எரியும். சிறுசெல் வகைக்குப் பொறுமை கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லீரல், எலும்பு என்று ஊரெல்லாம் தீ வைக்கும். சுரப்பி வகை நிதானி. சில சமயம் நன்றாக எரியும், சில சமயம் சிம்னியைத் தாழ்த்திவைத்ததுபோல். பனிமூட்டம்போல் படர்ந்து கிடக்கும் ஒரு சாதி உண்டு, அது எரியவே எரியாது. அசட்டையாக இருந்தால் தப்பித்துப் போய்விடும். மங்கலாக இருப்பதால் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பளிச்சென்று இருப்பதால் கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது.

மயிலத்துப் பக்கமிருந்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார். வலது நுரையீரல் உச்சியில் அப்படியொரு தீ. நான் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டேன். டாக்டர் மட்டும், "சதையைப் பார்க்காம நான் பேர் வைக்கமாட்டேன்" என்று சொல்லி, சதைச் சோதனைக்கு எழுதி அனுப்பினார். சதையில் வந்தது காசநோய். முடிவைச் சொன்னபோது அந்த மனிதர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"டிபிங்களா? நெசமா டிபியேதானுங்களா?"

"ஆமாங்க. ஆறேழு மாசம் மாத்திரை விடாம சாப்பிடணும்."

"மாத்திரை இன்னா மேடம், மாத்திரை ஃபேக்டரியையே சாப்புடறேன்!" அவர் மனைவி வாசலுக்கு ஓடி யாருக்கோ போனில், "நமக்கு டிபிதாண்டி, டிபிதாண்டி" என்று கல்யாணம் நிச்சயமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று டாக்டர்கூடச் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த படத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

இனி ஆரோக்கியமேரி.

ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஐம்பதைத் தாண்டிய வயது. சொந்த நிலம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும். பீடிப் புகை அறியாத நெஞ்சு. நிற்காத இருமலுக்காக எடுத்த படத்தில் இடது நுரையீரலின் மேல்பகுதியில், நடுநெஞ்சையொட்டி ஒரு கட்டி. ஊசியால் எடுத்த சதையில் சுரப்பி வகை என்று வந்திருந்தது. சென்னையில் அறுவை மருத்துவர் ஒருவர் அடுத்த வாரத்துக்குத் தேதி கொடுத்திருந்தார். ஒரே நிபந்தனை: எங்கள் ஸ்கேனில் நோய் அந்தக் கட்டியோடு நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் வெட்டி எடுத்துவிடலாம், முழுதாகக் குணமாக வாய்ப்பிருக்கிறது. தாண்டியிருந்தால் கத்தி கிடையாது.

கணவர் சவரிமுத்து உடன் வந்திருந்தார். ஒரு கையில் இட்லிப் பொட்டலம் உள்ள மஞ்சள் பை. சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைபோட்ட செல்போன்.

உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பதால் சங்கிலி, வளையல், கையிலிருந்த ஜெபமாலை எல்லாவற்றையும் கழற்றி அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அந்தம்மாளின் குரல் கொஞ்சம் காற்றோடு வந்தது, தொண்டைகட்டியவர் பேசுவதுபோல். ஊசி போட்டுவிட்டு வழக்கமானதைச் சொன்னேன்.

"ஒரு மணி நேரம் பேசாம படுத்திருக்கணும்மா. தொண்டை வேலை செஞ்சா அதுவும் படத்துல வந்துடும்."

"பேசறதுக்கு இங்க ஆளு எங்க சார் இருக்குது? நீங்கதான் கதவைச் சாத்திக்கினு போயிடப்போறீங்க."

அந்த அறையில் கேமரா உண்டு, ஒலி கிடையாது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முந்தானையைத் தலைக்கு முக்காடிட்டு முகம்வரை இழுத்துக்கொண்டார். போர்வையை மார்புவரை ஏற்றிக்கொண்டார். அசையவில்லை. இவ்வளவு ஒழுங்காகப் படுத்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

படம் வரத் தொடங்கியது. தொடை எலும்பு சுத்தம். கல்லீரல் சுத்தம். அட்ரினல் சுரப்பி சுத்தம். நெஞ்சு வந்தது. இடது மேலே கட்டி, தாழ்த்திவைத்த விளக்குபோல் மிதமான எரிச்சல். நடுநெஞ்சின் நிணநீர்க் கணுக்கள் இருட்டாக இருந்தன. இருட்டு, இருட்டு, இருட்டு. நோய் அங்கே போகவில்லை. பிறகு கழுத்து வந்தது.

குரல்வளையில், வலது பக்கம் மட்டும், சின்னதாக, கூர்மையாக ஒரு புள்ளி எரிந்தது.

உள்ளே போய் மேசையை இறக்கினேன். கை கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா சார், நீங்களும் காலையிலிருந்து சாப்புடலியா? மூஞ்சி வாடிப்போய் இருக்குது."

"ஏசி, அம்மா" என்றேன். ஏசிக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை.

எங்களோடு டாக்டர் நவீன் என்றொரு இளம் மருத்துவர் இருந்தார். நிதானமானவர், நன்றாகப் படித்தவர். அவர்தான் முதலில் பார்த்தார். "குரல்வளையில ஒண்ணு இருக்கு மேடம். பரவினதா இருக்கலாம், இல்ல தனியா இன்னொரு புற்றா இருக்கலாம். அதைச் சோதிக்காம ஆபரேஷனுக்கு அனுப்ப முடியாது." அவர் சொன்னதில் தவறேயில்லை.

டாக்டர் கௌசல்யா விளக்கை அணைக்கச் சொன்னார். உள்ளங்கையைக் கட்டியின்மேல் வைத்தார். வெகுநேரம் கழுத்தையே பார்த்தார். பிறகு, "அவங்க ரெண்டு பேரையும் உள்ள கூப்பிடுங்க" என்றார்.

இருவரும் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். பிரிக்காத இட்லிப் பொட்டலம் இப்போது அந்தம்மாள் மடியில்.

"ஏம்மா, ஊசி போட்டுப் படுத்திருந்தப்ப பேசினீங்களா?"

"அய்யோ, இல்லீங்க. யாருகிட்ட பேசறது?"

"போன்ல?"

"அதுதான் எங்க ஊட்டுக்காரரு பையில இருக்குதே."

"பாட்டு ஏதாவது பாடினீங்களா?"

"பாட்டா? நானா?" அவர் கணவரைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்.

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். "ஜெபமாலை சொல்லியிருப்பா மேடம். எங்க ஊரு கோயில்ல இவதான் முன்னால நின்னு சொல்றவ. சும்மா படுக்கச் சொன்னா வாய் தானா ஆரம்பிச்சுடும்."

"சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன். வாய்க்குள்ளதாங்க. மாலையை இவரு வாங்கி வெச்சுக்கினாரு, அதனால விரல்ல எண்ணிக்கினே சொன்னேன்." எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, குரல் இறங்கக் கேட்டார்: "பேசக்கூடாதுன்னுதானே சொன்னாரு? மாதாகிட்ட சொல்றது பேச்சுல சேருமா?"

எனக்குச் சிரிப்பும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. முக்காட்டுக்குள் ஒரு மணி நேரமும் அந்த உதடுகள் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. குரல்தசை உழைத்திருக்கிறது, தின்றிருக்கிறது, எரிந்திருக்கிறது. புற்று அல்ல. நவீன் மூச்சை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அப்ப அது ஜெபம்தான் மேடம்."

டாக்டர் மட்டும் திரையைவிட்டுத் திரும்பவில்லை. ஆங்கிலத்தில், எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கும்படி கேட்டார். ஜெபமென்றால் இரண்டு பக்கமும் அல்லவா எரிய வேண்டும்? குரல் என்பது இரண்டு நாண்களும் சேர்ந்து செய்கிற வேலை. வலது எரிகிறது. இடது ஏன் தூங்குகிறது?

என் நிம்மதிக்கு ஆயுள் அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். குரல்நாணை ஆட்டுகிற நரம்பு நேராகத் தொண்டைக்குப் போவதில்லை. இடது பக்கத்து நரம்பு கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி வளைந்து, மறுபடி மேலேறித் தொண்டைக்கு வரும். அந்த வளைவுக்குப் பக்கத்தில்தான் ஆரோக்கியமேரியின் கட்டி இருந்தது. கட்டி நரம்பைப் பிடித்திருந்தால் இடது நாண் செத்துவிடும். வலது நாண் இரண்டின் வேலையையும் தானே இழுத்துப்போட்டுச் செய்யும். எரிந்தது உழைப்பாளி. நோய், எரியாத பக்கத்தில். அப்படியானால் கட்டி நுரையீரலைத் தாண்டிவிட்டது. கத்தி இல்லை.

"கழுத்தைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று எழுந்தார் டாக்டர். கழுத்து மடிப்புக்குள், கண்டுபிடிக்க முடியாதபடி வெளுத்து, குறுக்காக ஒரு பழைய தழும்பு.

"இது என்ன?"

"கழலை வந்துச்சுங்க. எடுத்தாங்க. சின்னவன் பொறக்கறதுக்கு முன்னாடி. அது ஆச்சு எவ்வளவோ வருஷம்."

டாக்டர் திரைக்குத் திரும்பி ஓடாத குறையாக வந்தார். தைராய்டின் இடது பாதி இல்லை. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அறுவையில் கத்தி அதே நரம்பைக் கழுத்தில் தொட்டிருக்கலாம். அப்படியானால் இடது நாண் பல வருடமாகவே தூங்குகிறது. கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்த வாரம் அறுவை நடக்கும். ஒரே கேள்விதான் மிச்சம். இந்தக் குரல் எப்போதிலிருந்து இப்படி?

டாக்டர் காரணத்தைச் சொல்லாமல் கேட்டார். நம் ஊரில் டாக்டருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பதில்தான் வரும், அன்பினால் வரும்.

"எப்பவும் இதே குரல்தாங்க" என்றார் சவரிமுத்து உடனே. மனதாரத்தான் சொன்னார். கூடவே இருப்பவருக்கு ஒரு குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது கேட்காது.

"நீங்க சொல்லுங்கம்மா."

"எனக்கு இன்னாங்க தெரியும்? என் குரலை நானா கேட்டுக்கினு இருக்கேன்?"

"பழைய குரல் எங்கயாவது பதிவாயிருக்கா? வீடியோ, கல்யாணம், எதுவானாலும்?"

சவரிமுத்து முகம் மலர்ந்தது. "இதுலயே இருக்குதுங்களே! பெரியவன் அந்தோணி குவைத்துல இருக்கான். இவளுக்கு எழுத்து அடிக்க வராது. வாட்ஸப்புல பேசிப் பேசி அனுப்புவா. நான் ஒண்ணையும் அழிக்கல." உறையோடு போனை என்னிடம் நீட்டினார். "கண்ணு தெரியாது சார், நீங்க தேடுங்க."

நான் மேலே தள்ளத் தொடங்கினேன். இந்த மாத ஒலித் துண்டுகள், ஈஸ்டர், பொங்கல், அதற்கு முந்தைய மழை. விரல் வழுக்கியது, துடைத்துக்கொண்டேன். கரகரப்பாக இருக்க வேண்டும், கரகரப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தள்ளினேன். ஒரு பெண்ணின் பழைய குரல் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முந்தின வருடத்துக்கும் முந்தின வருடத்தில் நிறுத்தினேன். இருமலுக்கு வெகுகாலம் முன்பு. கழலை அறுவைக்கு வெகுகாலம் பின்பு. தொட்டேன்.

"டேய் அந்தோணி, சாப்டியா? இங்க மழை புடிச்சுக்கினு வுடமாட்டேங்குது. உங்கப்பன் களத்துல மல்லாட்டையைக் கொட்டிட்டு கோயிலாண்ட போய்க் கதை பேசிக்கினு குந்திட்டாரு. பூரா நனைஞ்சுபோச்சு. நீ வந்து கேளுடா அந்த மனுசனை!"

வயலின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். ஒரு பிசிறு இல்லை. ஒரு சொட்டுக் காற்று கசியவில்லை. அந்தச் சிறிய இருட்டறை அதற்குப் போதவில்லை.

சவரிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். "பொய்யி மேடம், அன்னிக்கு நான் கோயிலுக்கே போவல. ஆனா கேட்டீங்களா, எப்படிக் கணீர்னு இருக்குது!"

"இது யாரு, நானா?" என்றார் ஆரோக்கியமேரி, காற்று கலந்த குரலில். "நல்லாத்தானே பேசியிருக்கேன்."

நவீன் தரையைப் பார்த்தார். நான் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் போனைப் பார்த்தேன்.

டாக்டர் கௌசல்யா நாற்காலியை அவர்களுக்கு நேராக இழுத்துப்போட்டுக்கொண்டார். மெதுவாக, எதையும் மறைக்காமல் சொன்னார். நெஞ்சுக்குள் வளைந்துபோகும் நரம்பு. அதன் பக்கத்தில் கட்டி. குரல் பழைய அறுவையில் போகவில்லை, இப்போதுதான் போயிருக்கிறது. கட்டி நரம்பைப் பிடித்துவிட்டது. "இந்த நிலைமையில நெஞ்சைத் திறந்தா, முழுசா எடுக்க முடியாம மூடிடுவாங்க. அந்தக் கஷ்டத்தை உங்களுக்குக் குடுக்கக் கூடாது. நீங்க ஜெபம் சொன்னதாலதான்மா இது இப்பவே தெரிஞ்சுது. பேசாம படுத்திருந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணாவே அணைஞ்சிருக்கும். தொண்டை டாக்டர் ஒருத்தரும் குழாய் விட்டுப் பார்க்கட்டும். அப்புறம் உங்க கட்டியில மாத்திரைக்குக் கட்டுப்படற வகை ஒண்ணு இருக்கு, அதுவான்னு சோதிக்கணும்."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொண்டை மருத்துவர் பார்த்தார். இடது நாண் அசையவில்லை. சென்னையில் தேதியை ரத்து செய்தார்கள். சோதனையில் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை என்று வந்தது. அந்த மாத்திரையோடு அவர் இன்னும் சில அறுவடைகள் பார்த்தார். எத்தனை என்று நான் எண்ணவில்லை, அவை முடிந்தும்போயின. இதில் எதுவும் அந்த அறையில் அப்போது எங்களுக்குத் தெரியாது.

தெரிந்ததெல்லாம் சவரிமுத்துவின் கை நீண்டதுதான். என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். கண்ணுக்கு நெருக்கமாக வைத்து, கட்டைவிரலால் தள்ளினார்.

"இருங்க மேடம். அது ஏதோ நல்லா இருந்த நாள்ல பேசினது. வேற இருக்குது. தொண்டை கட்டிக்கினு பேசினது நிறைய இருக்குது."

தொட்டார். "அந்தோணி, கோழி குஞ்சு பொரிச்சுட்டுதுடா, பன்னெண்டும் உசிரோட இருக்குது." கணீர்.

தள்ளினார். தொட்டார். "கிறிஸ்துமஸுக்கு வரியா வரமாட்டியா, ஒண்ணு சொல்லு." கணீர்.

"இது இல்ல, இது இல்ல" என்று முணுமுணுத்தார். இன்னும் மேலே தள்ளினார். "தம்பிக்கு ஜுரம் வுட்டுடுச்சு, நீ பயப்படாத." "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்." ஒவ்வொன்றும் அந்த இருட்டறையில் தெளிவாக, முழுதாக வந்து நின்றது. அவர் தன் மனைவியின் கெட்ட குரலைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கரகரப்பு, ஒரே ஒரு விரிசல். கிடைக்கவேயில்லை. யாரும் அவரை நிறுத்தவில்லை. டாக்டர்கூட.

ஆரோக்கியமேரிதான் கடைசியில் கையை நீட்டிப் போனின்மேல் வைத்தார்.

"வுடுங்க. போதும்" என்றார். பாதிக்கு மேல் காற்றுதான் வந்தது. மடியிலிருந்த பொட்டலத்தின் நூலைப் பிரிக்கத் தொடங்கினார். "காலையிலிருந்து நீங்களும் சாப்புடல. முதல்ல சாப்புடுங்க."